கப்பலேறிய சரக்கும் 21 நாள் விலக்கும்: 2025 ஆகஸ்ட் 6 அமெரிக்க ஆணையைத் திருப்பூரிலிருந்து வாசித்தல்

2025இல் இந்தியச் சரக்கின்மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சதவீதக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. இந்தியாவுக்கு 50, வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20, பாகிஸ்தானுக்கு 19 என்று அட்டவணையிட்டு, அந்த இடைவெளியிலிருந்து திருப்பூரின் இழப்பைக் கணிப்பது வழக்கமாகிவிட்டது. இதையொட்டி இன்னொரு கருத்தும் நிலவுகிறது. முதல் 25 சதவீதத்தை விதித்த ஜூலை 31 ஆணை சரக்கைக் கப்பலேற்ற 7 நாள்தான் தந்தது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி மறு 25 சதவீதத்தைச் சேர்த்த ஆகஸ்ட் 6 ஆணை 21 நாள் தந்தது. ஆகவே இரண்டாவது ஆணை விகிதத்தில் கடுமையானாலும் அவகாசத்தில் தாராளமானது என்பது அக்கருத்து. விகிதக் கணக்கோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. அவகாசக் கணக்குதான் தவறு என்பது என் வாதம்.

இரண்டு ஆணைகளிலும் வழியில் இருக்கும் சரக்குக்கு விலக்களிக்கும் பிரிவு உண்டு. அது இரண்டு நிபந்தனைகளை ஒருசேரக் கேட்கிறது: குறித்த நாளுக்கு முன் சரக்கு கப்பலில் ஏறியிருக்க வேண்டும்; இன்னொரு நாளுக்கு முன் அமெரிக்கச் சுங்கத்தில் நுழைவும் பெற்றிருக்க வேண்டும். முதல் ஆணையில் இவை ஆகஸ்ட் 7, அக்டோபர் 5. இரண்டாவதில் ஆகஸ்ட் 27, செப்டம்பர் 17. மேற்சொன்ன கருத்து முதல் நிபந்தனையை மட்டும் படிக்கிறது. இரண்டு கெடுக்களுக்கும் நடுவிலுள்ள காலத்தை எண்ணிப் பார்த்தால் படம் மாறிவிடும்: முதல் ஆணையில் 59 நாள், இரண்டாவதில் 21 நாள்.

கடல் தூரத்துக்கு இது போதுமா? திருப்பூர்ச் சரக்கில் கணிசமான பங்கு தூத்துக்குடியில் சிறு கப்பலேறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. கொழும்பிலிருந்து சூயஸ் வழியாக நியூயார்க் சுமார் 8,600 கடல் மைல். மணிக்கு 16 மைல் வேகத்தில் எங்கும் நில்லாமல் போனாலும் 22 நாள் ஆகும். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின் பல நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. அந்தத் தூரம் 11,000 மைலுக்கு மேல். கடலில் மட்டும் 29 நாள். கொழும்பில் காத்திருக்கும் நாளும் இறங்குதுறைச் சுங்க நாளும் இதில் சேரவில்லை. கப்பலுக்குக் கப்பல் வேகம் மாறும். எனவே இவற்றைக் கீழ்வரம்பாகக் கொள்வதே முறை. அந்தக் கீழ்வரம்பே 21 நாளைத் தாண்டுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு எளியது. காத்திருப்புக்கும் சுங்கத்துக்கும் ஒரு வாரம் சேர்த்து, செப்டம்பர் 16இலிருந்து பின்னோக்கி எண்ணினால், சூயஸ் வழிச் சரக்கு ஆகஸ்ட் 17 வாக்கிலும், முனைவழிச் சரக்கு ஆகஸ்ட் 10 வாக்கிலும் தூத்துக்குடியை விட்டிருக்க வேண்டும். அதற்குப்பின் 26ஆம் தேதிவரை ஏறியவை முதல் நிபந்தனையில் தேறி இரண்டாவதில் தோற்றவை. முதல் ஆணையின் 7 நாளும் உண்மையான நாள்கள். இரண்டாவதின் 21 நாளில் 4 முதல் 11 நாள்தான் உண்மை. மற்றவை தாளோடு சரி.

வரைந்தவர்கள் தூத்துக்குடியை மனத்தில் வைத்து இப்படி எழுதினார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் ஆசியக் கடற்பயணத்துக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது அறியாமல் 59 நாள் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அதே அரசு 21 என்று சுருக்கியதைக் கவனக்குறைவு என்று தள்ள முடியவில்லை. இது தண்டவரி, தண்டம் உடனே உறைக்கும்படியே நாள் குறிக்கப்பட்டது என்பதே பொருத்தமான வாசிப்பு.

விமானத்தில் அனுப்பியிருக்கலாமே என்பார்கள். விலைமலிந்த பருத்தி டி-சர்ட்டின் லாபம் விமானக் கட்டணத்தைத் தாங்காது. அமெரிக்காவில் சுங்கக் கிடங்கில் வைத்திருக்கலாமே என்றால், கிடங்கிலிருந்து எடுக்கும் நாளின் வரியையும் ஆணை வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. இவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

கனமான ஆட்சேபம் வேறு: சரக்கைக் கப்பலில் ஏற்றிக்கொடுப்பதோடு ஏற்றுமதியாளர் பொறுப்பு முடியும் ஒப்பந்தத்தில் வரி கட்டுபவர் இறக்குமதியாளர், அப்படியிருக்க திருப்பூருக்கு என்ன? சட்டப்படி இது சரி. பேக்கிங் மேசையில் நிலைமை வேறு. நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங் என்று இரண்டு மூன்று மாதம் நடந்து பெட்டிக்குள் போகும் துணியில் வாங்குபவரின் பிராண்டு லேபிள் ஏற்கெனவே தைக்கப்பட்டிருக்கிறது; டாலர் விலைச்சீட்டு தொங்குகிறது; பிரிண்டு அவருடைய உரிமை. அந்தப் பெட்டியைப் பிரித்து வேறு நாட்டுக்கோ உள்ளூர்ச் சந்தைக்கோ விற்க வழியில்லை. பருத்தி டி-சர்ட்டுக்கு வழக்கமான 16.5 சதவீதத்தோடு 50 சேர்ந்து 66.5 ஆனபோது, வாங்குபவர் தள்ளுபடி கேட்டால் மறுக்கும் பலம் பெட்டி கட்டி முடித்தவரிடம் இல்லை. ஆர்டர் பேசும் கட்டத்தில் இருந்தவர் விலையைத் திரும்பப் பேசலாம். துணி வெட்டியவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஆகவே முதல் அடி யார்மேல் விழுந்தது என்பதை உற்பத்தி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதே தீர்மானித்தது. நாட்டு வாரியான விகித அட்டவணையில் இது புலப்படாது.

டெல்லியின் பதில் நடவடிக்கையிலும் இதே நாள்காட்டிப் பிழை இருந்தது. பருத்தி இறக்குமதிக்கான 11 சதவீத வரிக்கு ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை விலக்கு வந்தது. அந்த 43 நாளில் புதிதாக ஒப்பந்தம் பேசி, அமெரிக்காவிலோ பிரேசிலிலோ ஏற்றி, இங்கே இறக்குவது கடினம். ஏற்கெனவே கடலில் இருந்த பருத்திக்கே பெரிதும் பயன். ஆகஸ்ட் 28இல் கெடு டிசம்பர் 31 வரை நீட்டப்பட்ட பிறகே அது கொள்கை என்ற பெயருக்குத் தகுதி பெற்றது. நவம்பர் 14இல் ரிசர்வ் வங்கி, ஏற்றுமதிப் பணம் வந்துசேர வேண்டிய கெடுவை 9 மாதத்திலிருந்து 15 மாதமாகவும், ஏற்றுமதிக் கடனின் கெடுவை 270 நாளிலிருந்து 450 நாளாகவும் உயர்த்தியது. விகிதத்தில் கைவைக்காமல் நாளில் கைவைத்த நடவடிக்கை அது. என் கணிப்பில் நோய்க்கு நேரான மருந்தும் அதுதான். தாமதமாக வந்தது என்பதே குறை.

இந்த வாசிப்பு 2025 ஆகஸ்டுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கக் கூடாது. வரி விகிதத்தை வல்லரசுகள் தங்கள் அரசியலுக்கேற்ப ஏற்றும், இறக்கும்; அதைத் தடுக்கும் வலு இந்தியாவுக்கு எப்போதும் இருக்கும் என்று எண்ண இடமில்லை. ஆனால் வரி எப்போது உயர்ந்தாலும் கப்பலேறிய சரக்குக்குக் குறைந்தது 60 நாள் நுழைவு அவகாசம் என்ற ஒரு பிரிவை வர்த்தக ஒப்பந்தங்களில் கேட்டு வாங்குவது எட்டாத காரியமில்லை. ஜூலை 31 ஆணையில் அமெரிக்காவே அதற்கு ஒரு நாள் குறைவாகத் தந்திருக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் சதவீதத்துக்கு முன் இந்தப் பிரிவைக் கேட்க வேண்டும்.