கேட்கக் கேட்கத் தேய்ந்த குரல்கள்

இலங்கை வானொலியின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த சமூகம் நாம். ஆனால் ஊசி உரசினால்தான் தட்டு பாடும் என்பதையும், உரசும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் தேயும் என்பதையும் நாம் பெரிதாக யோசித்ததில்லை. கேட்காமல் வைத்தால் பயனில்லை, கேட்டால் அழிகிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்க மனிதன் பட்ட பாடு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு.

1877இல் எடிசன் தன் குரலை மெல்லிய தகரத் தாளில் பதிந்தார். சில தடவை ஓட்டியதுமே அந்தத் தாள் பழுதாகிவிடும். பத்து வருடம் கழித்து பேர்லினர் கிராமபோன் தட்டைக் கொண்டுவந்தார்.

பிறகு பரவிய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் ஆனவை. இந்தியாவின் அரக்குப் பூச்சி தரும் பிசின்தான் அது. அதில் கல்தூளும் கலந்தார்கள். தட்டு உறுதியாக இருக்கவும், உருக்கு ஊசியின் முனை பள்ளத்துக்கு ஏற்றவாறு தேயவும் அது உதவியது. அதாவது தட்டுக்குப் பதிலாக ஊசி தேய வேண்டும். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும். அதனால்தான் 200 ஊசிகள் கொண்ட சின்னத் தகர டப்பாக்கள் விற்பனைக்கு வந்தன. சிக்கனம் பார்த்துப் பழைய ஊசியையே பாவித்தால், தேய்ந்து கூரான அதன் ஓரம் பள்ளத்தைச் செதுக்கிவிடும். இங்கிலாந்தில் தட்டுகளை நேசித்தவர்கள் மூங்கில் ஊசியும் முள் ஊசியும் பாவித்தார்கள்.

1948இல் கொலம்பியா நிறுவனம் வினைல் எல்.பி. தட்டை வெளியிட்டது. கல்தூள் இல்லாததால் இரைச்சல் குறைந்தது. ஆனால் வினைல் மென்மையானது. பழைய கிராமபோனின் ஊசி நூறு கிராமுக்கும் மேலான பாரத்தோடு அழுத்தும். அதில் வினைலைப் போட்டால் ஒரே தடவையில் பாழாகும். நல்ல நவீன கருவிகளில் இந்தப் பாரம் ஏறத்தாழ 2 கிராம்தான், முனை வைரம். ஆனால் பாரத்தை மேலும் குறைப்பதும் ஆபத்து. ஊசி துள்ளிப் பள்ளத்தின் சுவரில் மோதும். ஊசி தயாரித்தவர் சொல்லும் அளவே பாதுகாப்பானது.

கடைசியில் தொடாமலே கேட்கும் வழியும் பிறந்தது. அமெரிக்காவின் பேர்க்லி ஆய்வுகூடத்தில் இயற்பியலாளர் கார்ல் ஹேபரும் குழுவினரும் பள்ளங்களைப் படம்பிடித்து, அந்தப் படத்திலிருந்து கணினியால் ஒலியை மீட்டார்கள். 1885இல் அலெக்சாண்டர் கிரஹம் பெல் பதிந்த குரல் இவ்வாறே 2013இல் உலகுக்குக் கேட்டது. உடைந்த தட்டும் இனிக் குப்பையல்ல.

எமது வீட்டு அலுமாரிகளில் பழைய தட்டுகள் கிடக்கலாம். அவற்றை விளையாட்டாக ஓட்டிப் பார்க்க வேண்டாம். பள்ளத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடிப்போம், தூசு துடைப்போம், நிமிர்த்தி வைப்போம். 78 தட்டுக்கும் எல்.பி.க்கும் ஊசி வேறு வேறு. விபரம் தெரிந்தவரிடம் கொடுத்து, உரிய ஊசியில் ஒரு தடவை ஓட்டிக் கணினியில் பதிந்துகொள்வோம். அதன்பிறகு பிரதியைக் கேட்போம். தேய்ந்த பள்ளம் திரும்ப வளராது. காத்த குரலை எமது பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ்.