வேங்கடத்தின் கூதிர்

தொல்காப்பியம் மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதுகளாக வகுத்தது. ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி என்பது உரையாசிரியர் கணக்கு. அந்நூலின் பாயிரம் தமிழ்நிலத்தின் வட எல்லையாகச் சுட்டும் வேங்கடத்திற்கு, அதாவது இன்றைய திருமலைக்கு, இப்பகுப்பு இன்றும் பொருந்துகிறது.

மார்கழி விடியலில் படியேறுவோர் பனியையே அஞ்சுவர். ஆயினும் இங்குப் பேரிடர் தருவது கூதிர் மழையே. வங்கக் கடலின் ஈரக்காற்று சேஷாசலச் சரிவில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து மழையாகிறது. 2021 நவம்பர் பெருமழையில் அலிபிரி, ஸ்ரீவாரிமெட்டு நடைவழிகள் இரண்டும் மூடப்பட்டன. ஸ்ரீவாரிமெட்டுப் படிகள் சிதைந்தன. டிசம்பர் 1 அன்று இரண்டாம் மலைச்சாலையில் பாறைகள் சரிந்து விழுந்தன.

நீரில் ஊறிய மலை உடனே உலர்வதில்லை. முன்பனியில் மலையேறுவோர் அன்றைய வானத்தோடு, கடந்துபோன கூதிரின் மழையளவையும் அறிந்திருத்தல் வேண்டும். குறிஞ்சிக்கு இரு பொழுதுகளையும் சேர்த்தே உரிமையாக்கிய இலக்கண மரபு, மலையேறுவோருக்கும் பயன்படும் அறிவே.