அமெரிக்காவில் கருணை விடுதலை: நீதிபதி எதைப் பார்க்கிறார்?

தண்டனை அனுபவிக்கும் ஒருவர் தீராத நோயில் விழுந்தால் விடுதலையை யாரிடம் கேட்பது? கைதிகளின் உறவினர்களோடு பேசும்போது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. இலங்கையில் மேன்முறையீடுகள் முடிந்துவிட்டால் பெரும்பாலும் எஞ்சுவது அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரை, அதாவது ஜனாதிபதியின் மன்னிப்பு. "அமெரிக்காவில் நீதிமன்றத்திடமே கேட்கலாமாமே?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் அந்த வழி திறந்து அதிக காலம் ஆகவில்லை.

அங்கு சமஷ்டி நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது 1984ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு முக்கியமான தடையும் அதிலேயே இருந்தது. சிறைத் திணைக்களம் கோரிக்கை வைத்தால் மட்டுமே நீதிபதி அதைப் பரிசீலிக்கலாம். திணைக்களமோ அரிதாகவே கோரியது. 2006 முதல் 2011 வரை ஆண்டுக்குச் சராசரியாக 24 பேரே விடுதலையாகினர் என்று நீதித் திணைக்களத்தின் கண்காணிப்பு அதிகாரி 2013இல் அறிக்கையிட்டார். கீழ்மட்ட அதிகாரிகள் சம்மதித்து மேலே அனுப்பிய 208 பேரில் 28 பேர், இறுதி முடிவு வருவதற்கு முன்பே இறந்துபோயினர்.

சட்டத்தரணி லின் ஸ்டூவர்ட்டின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். சிறையிலிருந்த தன் கட்சிக்காரரின் செய்திகளை வெளியே கொண்டுசென்றதாக, பயங்கரவாதத்துக்கு உதவிய குற்றச்சாட்டில் 10 ஆண்டு தண்டனை பெற்றவர். மார்பகப் புற்றுநோய் பரவியிருந்த நிலையில் 2013 ஓகஸ்டில் அவர் கேட்ட விடுதலையை நீதிபதி மறுத்தார். திணைக்களம் கோரவில்லை, ஆகவே தனக்கு அதிகாரமில்லை என்பதே காரணம். அதே ஆண்டு டிசெம்பர் 31இல் திணைக்களம் கோரியது. அன்றே விடுதலை உத்தரவும் வந்தது. நோயும் நோயாளியும் மாறவில்லை. மாறியது மனுவைக் கொடுத்தவர்தான். 18 மாதங்களுக்குள் இறந்துவிடுவார் என்று மருத்துவர்கள் கணித்திருந்தும் அவர் 2017 மார்ச் வரை வாழ்ந்தார்.

2018 டிசெம்பரில் வந்த சட்டத் திருத்தம் இந்தத் தடையை நீக்கியது. கைதி முதலில் சிறை அத்தியட்சகரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்து 30 நாட்கள் கடந்தபின் அவரே நீதிமன்றம் செல்லலாம். மனு பெரும்பாலும் தண்டனை விதித்த அதே நீதிபதியிடமே போகும். அநேகமாக எழுத்துமூலமே தீர்க்கப்படும்.

நீதிபதி முதலில் பார்ப்பது, அசாதாரணமான, வலுவான காரணம் உண்டா என்பதை. 2023 நொவெம்பரில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டல்கள் இதை விரிவாக்கின. மரணத்தை நோக்கிய நோய், தன்னைத் தானே பராமரிக்க முடியாத நிலை, சிறையில் கிடைக்காத சிகிச்சை, முதுமை எல்லாம் அதில் அடங்கும். வெளியே சிறுபிள்ளையைப் பராமரித்தவர் இறந்துபோவதும் ஒரு காரணமாகலாம். திருந்திவிட்டேன் என்பது மட்டும் போதாது. மற்றக் காரணங்களுக்கு அது பலம் சேர்க்கும்.

ஆனால் மனுக்கள் பல தோற்பது அடுத்த கட்டத்தில். காரணம் உண்மையாகவே இருக்கட்டும், குற்றத்தின் பாரதூரம், அனுபவித்த காலம், சமூகத்தின் பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்த்தால் இவரை விடலாமா? 150 ஆண்டு தண்டனை பெற்ற நிதி மோசடிக்காரர் பேர்னார்ட் மடோஃப் 2020இல் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் மனுச் செய்தார். நோய் உண்மை என்பதில் சர்ச்சை இருக்கவில்லை. பணத்தை இழந்த நூற்றுக்கணக்கானோர் கடிதம் எழுதினர். மிகப் பெரும்பாலானோர் விடுதலையை எதிர்த்தனர். அவர் சிறையிலேயே வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்பதுதான் 2009இல் தனது நோக்கமாக இருந்தது என்று நீதிபதி டெனி சின் எழுதி, மனுவை நிராகரித்தார். மடோஃப் 2021 ஏப்ரலில் காவலிலேயே இறந்தார்.

அந்த முடிவோடு நாம் உடன்படாமல் இருக்கலாம். ஆனால் காரணங்கள் எழுத்தில் இருக்கின்றன. பாதிக்கப்பட்டோரின் குரலும் பதிவாகியிருக்கிறது. மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்ததைப் பார்த்த எங்களுக்கு இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றாது.

அங்கு மனு எழுதுவோர் மருத்துவ அறிக்கையோடு இன்னொன்றையும் இணைப்பார்கள்: விடுதலையானபின் எங்கே தங்குவார், யார் பராமரிப்பார், எந்த வைத்தியசாலை ஏற்கும் என்ற திட்டம். விடுவித்தாலும் எஞ்சிய காலத்துக்கு நிபந்தனைகளும் கண்காணிப்பும் விதிக்கலாம். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு உண்டு, ஆனால் மேல் நீதிமன்றங்கள் இலகுவில் தலையிடுவதில்லை. நோய் மோசமானால் புதிய மனு கொடுக்கத் தடையில்லை; பலர் இரண்டாம், மூன்றாம் தடவையும் கொடுக்கிறார்கள்.