பட்டு வியாபாரி நோட்டிலிருந்து நம்ம சிபில் வரைக்கும்

நாணயம் என்ற சொல்லுக்கு நம்ம ஊரில் இரண்டு அர்த்தம். ஒன்று கையில் இருக்கிற காசு. இன்னொன்று சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்கிற குணம். "அந்தம்மா நாணயமானவங்க" என்று தெருவில் பேர் இருந்தால் மளிகைக் கடையில் கடன் கிடைக்கும், அவசரத்துக்குக் கைமாத்தும் கிடைக்கும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்றால் கூலி நிற்கும், தவணையும் தள்ளிப்போகும். ஏன் தள்ளிப்போச்சு என்பது கடன் கொடுத்தவருக்கும் தெரியும்.

இப்போது அந்தப் பேரை ஒரு எண் சொல்கிறது. 300-லிருந்து 900 வரை. சிபில் மார்க் என்கிறோம். அதற்கு எத்தனை நாள் தாமதம் என்று தெரியும். ஏன் தாமதம் என்று தெரியாது.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஆச்சரியம், ஒரு பட்டு வியாபாரியிடம் போய் நிற்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் லூயிஸ் டப்பன் என்பவர் அண்ணனோடு சேர்ந்து பட்டு வியாபாரம் செய்தார். 1837-ல் அங்கே பெரிய பண நெருக்கடி. கடனுக்குச் சரக்கு எடுத்த கடைக்காரர்கள் திருப்பித் தர முடியவில்லை; இவர்கள் வியாபாரமும் படுத்துவிட்டது. யார் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்று முன்னாடியே விசாரித்து எழுதி வைத்தால் என்ன என்று 1841-ல் அதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். ஊர் ஊராக ஆள் வைத்து, இன்ன கடைக்காரர் எப்படிப்பட்டவர் என்று எழுதி வாங்கினார். பின்னால் ஜனாதிபதி ஆன ஆபிரகாம் லிங்கன்கூட, வக்கீலாக இருந்தபோது இப்படி எழுதி அனுப்பினவர்தான். அந்தக் கம்பெனிதான் பிறகு டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் ஆனது.

நம்ம பக்கம் கதை வேறு மாதிரி போனது. ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை மதராஸ் அரசாங்கம் ஐரோப்பாவுக்கு அனுப்பி, ஏழை விவசாயிக்குக் கடன் கொடுக்கிற வழியைப் படித்து வரச் சொன்னது. ஜெர்மனி கிராமங்களில் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களே சங்கம் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்குவதை அவர் பார்த்தார். 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது எங்கே தெரியுமா? நமக்குப் பக்கத்திலிருக்கிற காஞ்சிபுரத்தில். நம்ம பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் பெரிதாகப் போட வேண்டிய விஷயம்.

நம்ம குழுக்கள் இந்த வழியில் வந்தவைதான். 1989-ல் தர்மபுரியில் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு, குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஈடு இல்லை, ஜாமீன் இல்லை. தீர்மான நோட்டும் சேமிப்புக் கணக்கும்தான் ஈடு.

2000-ல் சிபில் கம்பெனி உருவானது. ஸ்டேட் பேங்கும் எச்.டி.எஃப்.சி.யும் தொடங்கியதில், அந்தப் பழைய டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டும் ஒரு பங்குதாரர். 2005-ல் இதற்குத் தனிச் சட்டம் வந்தது. ஆனால் நாம் அந்தக் கணக்கில் இல்லை. வங்கிக்குக் குழுவைத் தெரியும், உள்ளே இருக்கிற பத்து பன்னிரண்டு பேரைத் தெரியாது. பத்து வருஷம் ஒரு தவணை தவறாமல் கட்டினவர் தனியாகத் தறிக்கடன் கேட்டால், "உங்க பேர்ல பழைய கணக்கே இல்லையேம்மா" என்ற பதில்தான்.

2010-ல் ஆந்திராவில் மைக்ரோ ஃபைனான்ஸ் பிரச்சினை வெடித்தது. ஒரே வீட்டுக்கு நாலைந்து கம்பெனிகள் கடன் கொடுத்து, வசூலுக்கு நெருக்கி, சில உயிர்களும் போயின. யார் பேரில் எவ்வளவு கடன் என்று பதிவு வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வலுத்தது. 2016-ல் ரிசர்வ் வங்கி, குழுக் கடனிலும் உறுப்பினர் வாரியாக விவரம் வாங்கி அனுப்பச் சொன்னது. அன்றைக்குத்தான் அந்த நோட்டில் நம்ம பேர் தனித்தனியாக ஏற வழி பிறந்தது.

இதில் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒழுங்காகக் கட்டினது இனி வெளியில் தெரியும். தவறினதும் தெரியும். தவணை தாண்டினால் எத்தனை நாள் என்று பதிவாகும். 90 நாள் தாண்டினால் வாராக் கடன். பிறகு மொத்தமாகக் கட்டினாலும் பழைய தாமதம் உடனே அழியாது. "பாதி கட்டுங்க, முடிச்சிடலாம்" என்று சொல்லி செட்டில்மென்ட் போட்டால், முழுதாகக் கட்டி முடித்த கடன் என்று பதிவாகாது. செட்டில்மென்ட் என்றே நிற்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் பேரிலும் இது ஒட்டும். தவணையில் வாங்கின ஃபோன், கிரெடிட் கார்டு, நகைக்கடன் எல்லாம் இதில் சேர்த்தி. கரண்ட் பில் பாக்கி பொதுவாக இதில் வராது. அதற்கு ஃபியூஸைப் பிடுங்குவதே தண்டனை.

வருஷத்துக்கு ஒருமுறை அவரவர் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். சிபில் போல இன்னும் மூன்று கம்பெனிகள் இருக்கின்றன, அங்கேயும் கேட்கலாம். தப்பு இருந்தால் புகார் கொடுக்கலாம்; 30 நாளில் சரி செய்யாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2024-லிருந்து நடப்பில் இருக்கிற விதி.

நம்ம குழுக்களில் கவனிக்க வேண்டியது ஒன்று. வங்கித் தவணை 5-ஆம் தேதி, குழுக் கூட்டம் 10-ஆம் தேதி என்று இருந்தால், எல்லாரும் கூட்டத்தில் சரியாகப் பணம் வைத்தாலும் மாதாமாதம் ஐந்து நாள் தாமதம்தான். கூட்டத் தேதியை முன்னால் தள்ளத் தீர்மான நோட்டில் ஒரு வரி போதும்.