மொகிலி கணவாயில் ஒரு பொத்தான்

சித்தூர்ப் பக்கத்து நிலத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுகிறவருக்கு எண் பொறித்த பழைய பொத்தான் கிடைத்தால் கண் முதலில் எண்ணுக்குத்தான் போகும். அந்த எண்ணை நம்பலாமா என்பதை உலோகம்தான் சொல்லும். 1767ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசரின் காலாட்படைப் பிரிவுகள் தங்கள் எண்ணைப் பொத்தானில் பொறித்தன. 1781 செப்டம்பர் 27 அன்று சோளிங்கரில் ஹைதர் அலியை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டின் படையில் 73 என்ற எண்ணுள்ள ஸ்காட்லாந்துப் பிரிவு இருந்தது. 1786இல் அதே பிரிவுக்கு 71 என்ற எண் வந்தது. 73 வேறொரு பிரிவுக்குப் போயிற்று. 1791இல் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பலமநேர் அருகே மொகிலி கணவாய் வழியாக மைசூர் நாட்டுக்குள் நுழைந்தபோது உடன் வந்தது இந்த 71தான். புதிய 73 அப்போது பம்பாய்ப் படையோடு மேற்குக் கரையில் இருந்தது. எனவே இப்பகுதியில் 73 சோளிங்கர்ப் போரையும், 71 மொகிலி பயணத்தையும் சுட்டக்கூடும்.

இங்கேதான் உலோகம் தேவைப்படுகிறது. அந்தப் பிரிவுகளில் சாதாரண வீரர்களின் பொத்தான் பியூட்டர், அதாவது வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட கலவை. 1855இல்தான் அவர்களுக்குப் பித்தளை வந்தது. ஆகவே 73 என்று பொறித்த பித்தளைப் பொத்தான் ஹைதர் காலத்து வீரனுடையது என்று சொல்வது கடினம். நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பியூட்டரும் வெள்ளியும் மண்ணுக்குள் ஒரேபோலச் சாம்பல் நிறமாகிவிடலாம். அதிகாரிகளுக்கு எலும்பின் மேல் மெல்லிய வெள்ளித் தகடு போர்த்திய பொத்தான்களும் இருந்தன. அவற்றில் தகட்டின் ஓரமும் பின்புறத்து எலும்பும் காட்டிக்கொடுக்கும். பியூட்டர் நம் வீட்டு ஈயச்சொம்பைப் போல மென்மையானது, சூடு தாங்காதது. மண்ணில் கிடந்தால் மேல்பரப்பு பொரிந்து வெண்பொடியாகும். செம்பும் பித்தளையும் பச்சைக் களிம்பு கட்டும். காற்றிலும் தண்ணீரிலும் எடை பார்த்தால் அடர்த்தி தெரிந்துவிடும்: வெள்ளீயம் 7.3, பித்தளை சுமார் 8.5, வெள்ளி 10.5. எலும்பு சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. புளி போட்டுத் துலக்குவது மட்டும் கூடவே கூடாது. களிம்போடு எழுத்தும் போய்விடும்.

பழைய கோட்டு கைமாறும், பொத்தான் எங்கும் போகும், ஒன்றை வைத்துப் படையின் வழியைச் சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒற்றைப் பொத்தான் எதையும் நிறுவாது. ஆனால் பியூட்டர் பொத்தான்களும் துப்பாக்கிக் குண்டுகளும் பாதையோரமாக வரிசையில் கிடைத்தால், கைமாறிய கோட்டுக் கதை நிற்காது. அதற்கு ஒவ்வொன்றும் கிடைத்த இடமும் ஆழமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தோண்டிப் பையில் போட்டுக்கொண்டவரிடம் மிஞ்சுவது உலோகம் மட்டுமே. உழவும் மழையும் எப்படியும் குலைக்கத்தானே போகின்றன என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். உழவு ஒரு பொத்தானைச் சில அடி நகர்த்தும். பையில் போட்டு எடுத்துப்போனவர் அதை ஊரைவிட்டே நகர்த்திவிடுகிறார். பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை சித்தூர் மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது. இத்தகைய வேலைகளுக்கு மண் வாரும் முன்பே மொகிலி, பலமநேர்ப் பாதையோரங்களைத் தொல்லியல் துறை அளந்து குறித்து, கிடைப்பதை உலோகம் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.