எண்ணெய்க் குளியலும் செக்கு மரபும்

எண்ணெய் தேய்த்துக் குளிப்பது இன்று தீபாவளி விடியற்காலையோடு சுருங்கிவிட்டது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வாரந்தோறும் நடந்த வழக்கம் அது. கிழமைக் கணக்கைச் சுட்டிக்காட்டி அதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. இன்னொரு பக்கம், தாவர எண்ணெய் எதுவானாலும் தோலுக்கு நல்லது என்று விற்போர் பெருகிவிட்டார்கள். இரண்டுமே வரலாற்றைத் தவறவிடுகின்றன. அந்த வழக்கத்தின் பயன், எந்த வித்து, எப்படி ஆட்டியது, எதைக் கொண்டு கழுவியது என்ற மூன்றையும் சார்ந்தே நின்றது.

எள் இந்தத் துணைக்கண்டத்தின் பழம்பயிர். ஹரப்பாவில் கருகிய எள் மணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. சோழர் கல்வெட்டுகளில் செக்கிறை என்ற வரி வருகிறது. தமிழகத்தின் பல ஊர்களில் எழுத்துப் பொறித்த கல்செக்குகள் கிடைத்திருக்கின்றன. அத்தனை எண்ணெயும் விளக்குக்குத்தானே போயிருக்கும் என்று கேட்கலாம். ஆனால் கோயில்களின் நந்தா விளக்குக்கு நெய் வேண்டுமென்றே 96 ஆடுகள் வரை கொடையாக விடப்பட்டன. ஊர்ப்புற வீடுகளில் இலுப்பை எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் எரிந்தன. நல்லெண்ணெயும் விளக்கில் எரிந்தது உண்மைதான். ஆயினும் சமையலுக்கும் உடம்புக்கும் முதலில் தேடியது அதைத்தான். எதற்கு எந்த எண்ணெய் என்ற தெளிவு இருந்த சமூகம் அது. ஆட்டும் முறையும் கவனிக்கத்தக்கது. மாடு மெல்லச் சுற்றும் மரச்செக்கில் சூடு அதிகம் ஏறாது. எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டினால் எண்ணெய் எளிதாகப் பிரியும், பிண்ணாக்கு இறுகும். எள்ளிலேயே உள்ள சில சேர்மங்கள் எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தாமதப்படுத்துகின்றன.

இந்த ஏற்பாடு குலைந்ததற்குப் பொருளாதாரமே முதற்காரணம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டில் நிலக்கடலை பரவியது; புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறி, அங்குள்ள எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குச் சென்றது. விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வந்தது, ஆட்டுவதற்கு ஆலைகள் வந்தன, ஊர்ச் செக்குகள் ஓய்ந்தன. சீயக்காயும் அரப்பும் இருந்த இடத்தில் சோப்பு அமர்ந்தது. இந்தக் கடைசி மாற்றத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். மனிதத் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. வழக்கமான சோப்போ காரத்தன்மை உடையது, தோலின் இயற்கைக் கொழுப்பையும் அரித்துச் செல்லும். சீயக்காய்க் காயிலும் அரப்பு இலையிலும் உள்ள நுரைப்பொருள் எண்ணெயை மட்டாக எடுக்கும்.

தோல் மருத்துவர்கள் எழுப்பும் மறுப்பு வலுவானது: எண்ணெய் துளைகளை அடைக்கும், முகப்பருவைக் கூட்டும், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு இரையாகும். இதை மறுக்க முடியாது. எல்லாத் தாவர எண்ணெயும் ஒன்றல்ல என்பதற்கும் சான்று உண்டு. ஒலெயிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் தோலின் காப்புப் படலத்தை நலிவுறச் செய்வதாக 2013இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. லினோலெயிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயைத் தடவிய குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக டாக்காவில் நடந்த ஆய்வு 2005இல் தெரிவித்தது. நல்லெண்ணெயில் இவ்விரு அமிலங்களும் தலா ஏறத்தாழ 40 சதவீதம் உள்ளன. ஆகவே சூரியகாந்தியின் பலனை அப்படியே அதன் மேல் ஏற்றிச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் நம் வழக்கத்தில் எண்ணெய் நாள் முழுக்கத் தோலில் தங்கவில்லை. சற்று நேரம் ஊறியதும் வெந்நீரில் கழுவப்பட்டது. மருத்துவர்கள் அஞ்சும் கேட்டில் பெரும்பகுதி, எண்ணெயைக் கழுவாமல் விடுவதால் வருவது என்றே நான் கருதுகிறேன். பருவும் பொடுகும் உள்ளவர்கள் எண்ணெயைத் தவிர்க்கட்டும். மற்றவர்கள் வாங்கும்போது எந்த வித்து, எப்போது ஆட்டியது என்று கேட்டு வாங்குங்கள், தேய்த்ததைச் சீயக்காயோ அரப்போ கொண்டு கழுவிவிடுங்கள்.