மீட்பு என்ற பெயரில் ஒரு சந்தை

1865 ஜூலை. அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கொலராடோவின் தெற்கு எல்லையிலுள்ள கொனேஹோஸ் பகுதியில் லஃபாயெட் ஹெட் என்ற அரசு அதிகாரி ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் இருந்தவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட செவ்விந்தியர்கள். பெரும்பாலோர் நவஹோ இனத்துப் பெண்களும் சிறுவர் சிறுமியரும். பெயர், இனம், வயது, யாரிடமிருந்து வாங்கப்பட்டவர் என எல்லாம் குறிக்கப்பட்டிருந்தன.

இந்த வாணிபத்தின் வேர் பழையது. ஸ்பெயின் 1542-லேயே செவ்விந்தியரை அடிமையாக்கத் தடை விதித்திருந்தது. ஆனால் அதன் ஆளுகையிலிருந்த நியூ மெக்சிகோவில் தடைக்கு ஒரு புறவழி இருந்தது. எதிரி இனத்தார் பிடித்துவந்த கைதியைப் பணம் கொடுத்து 'மீட்கலாம்'; ஞானஸ்நானம் கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம்; மீட்ட செலவை அவர் உழைத்துத் தீர்க்க வேண்டும். இப்படி வந்தவர்களும் அவர்களுடைய சந்ததியினரும் ஹெனிஸாரோக்கள் எனப்பட்டனர். 1754-ல் அவர்களை அபிகியூ என்ற ஊரில் குடியமர்த்தி எல்லைக் காவலுக்கும் பயன்படுத்திக்கொண்டார் ஆளுநர். அமெரிக்கக் கண்டங்களில் 1492 முதல் 1900 வரை அடிமையாக்கப்பட்ட பூர்வகுடிகள் 25 லட்சம் முதல் 50 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்கிறார் வரலாற்றாசிரியர் ஆந்த்ரேஸ் ரெசெந்தேஸ்.

சட்டப்படி அடிமைகளே இல்லை என்பதால் அவர்களுக்கெனத் தனிப் பதிவேடும் இல்லை. ஒரு பெண்ணின் தடயம் ஞானஸ்நானப் பதிவில் ஒரு வரியாகவும், எஜமானரின் உயிலில் இன்னொரு வரியாகவும், மகனின் திருமணப் பதிவில் மற்றொன்றாகவும் சிதறிக் கிடக்கும். நியூ மெக்சிகோவின் முன்னாள் மாநில வரலாற்றாளர் எஸ்தெவான் ராயெல்-கால்வெஸ் தலைமையிலான 'நேட்டிவ் பவுண்ட் அன்பவுண்ட்' மின்னாவணக் காப்பகம் இந்த வரிகளைத்தான் ஒன்றுசேர்க்கிறது. ஒரே ஊரில் பல மரியாக்கள் இருப்பார்கள். எந்த மரியா என்பதை வீட்டுக்காரரின் பெயர், ஞானப்பெற்றோர், ஆண்டு ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். கணினி தேடித்தரும், தீர்மானிப்பது மனிதரின் பொறுமை.

கிழக்குக் கரையில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் லின்ஃபோர்ட் ஃபிஷர் நடத்தும் 'ஸ்டோலன் ரிலேஷன்ஸ்' திட்டம், இதே பணியில் நியூ இங்கிலாந்துப் பூர்வகுடிகளையும் கூட்டாளிகளாக்கியிருக்கிறது. அங்கே சிக்கல் வேறு. பூர்வகுடிகள் பலரைப் பிற்கால ஆவணங்கள் கறுப்பர், கலப்பினத்தார் என்று எழுதிவிட்டன. அந்தச் சொல்லை அப்படியே நம்பினால், விட்டுப்போனவரைக் காப்பகமும் இரண்டாம் முறை விட்டுவிடும். குடும்ப நினைவோடு ஏட்டை ஒப்பிட அந்த இனத்தாரே உடனிருப்பது அதனால்தான் அவசியமாகிறது.

அதே கரையில், 1676-ல் கொல்லப்பட்ட பூர்வகுடித் தலைவர் மெட்டகோமின் சிறு வயது மகனைத் தூக்கிலிடுவதா, விற்பதா என்று பாதிரியார்கள் விவாதித்தார்கள். கடைசியில் அவன் விற்கப்பட்டான். அந்த விவாதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)